கோதை கட்டிய ஆயர்பாடி

ஆண்டாளைப் புகழ்ந்து வைணவ உரைமரபு சொல்லும் ஒரு வார்த்தையோடு எனக்கு நெடுநாளாக வழக்கு. பள்ளமடை என்பது அந்த வார்த்தை. மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் வேண்டுமானால் பாடுபட்டு இறைக்க வேண்டும். பள்ளத்துக்கு மடையைத் திறந்துவிட்டால் போதும், தானே பாயும். ஆண் ஆணை நேசிப்பதைவிடப் பெண் ஆணை நேசிப்பது இயல்பு. ஆண்களாகப் பிறந்த ஆழ்வார்கள் சிரமப்பட்டு எட்டியது ஆண்டாளுக்குப் பிறப்பிலேயே வாய்த்தது. அதனால்தான் அவள் பக்தி பேராறாய்ப் பெருகியது என்று உரைகாரர்கள் சொன்னார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கண்மாய்ப் பாசன ஊரில் பிறந்தவளுக்கு அந்த உவமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்தியே தலை நரைத்தவள். ஒரு கவிஞரைப் பற்றி 'அவருக்கு அது தானாக வந்தது' என்று யாராவது சொன்னால், கூட்டிக் கொடுப்பதுபோலக் கொடுத்து எதையோ கழித்துக்கொள்கிறார்கள் என்று தோன்றும். ஆண்டாள் கணக்கில் கழிக்கப்பட்டது எது?

வைணவத்தில் புருஷன் ஒருவனே. மற்ற உயிர்கள் எல்லாம், மீசை வைத்தவையும் சேர்த்து, அவனுக்குப் பெண் நிலையில் இருப்பவை. இது ஏதோ உபசாரத்துக்குச் சொன்னது இல்லை. பாட்டின் அமைப்பையே மாற்றிய கொள்கை. நம்மாழ்வார் பராங்குச நாயகி ஆனார். திருவாய்மொழியின் 100 பதிகங்களில் 27 பெண்குரலில் இருக்கின்றன: தலைவி பேசுவது 17, தாய் பேசுவது 7, தோழி பேசுவது 3. ஏன் இப்படி என்பதற்கு அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் ஒரு காரணம் சொல்கிறார். அறிவு மேலோங்கி நிற்கையில் ஆழ்வார் தாமாகவே பேசுகிறார்; காதல் மிஞ்சும்போது அவர் பேச்சு பெண் பேச்சாகிவிடுகிறது.

திருமங்கையாழ்வார் இன்னும் ஒரு படி போனார். வாளேந்திய குறுநில மன்னர், வழிப்பறி செய்து அடியார்களுக்குச் சோறு போட்டவர் என்று குருபரம்பரை சொல்லும் அந்த மனிதர் பரகால நாயகியாகி இரண்டு மடல் பாடினார். காதல் கைகூடாதவன் பனைமடலால் குதிரை செய்து ஏறித் தெருவில் தன்னை அவமானப்படுத்திக்கொள்வது மடலேறுதல். பெண்ணுக்கு அது கிடையாது என்று தொல்காப்பியம் தடுக்கிறது. திருக்குறளும், கடலளவு காமம் வருத்தினாலும் மடலேறாத பெண்ணின் பெருமையைப் பேசுகிறது. பரகால நாயகியோ அந்தத் தமிழ்நெறி தனக்கு வேண்டாம், வடநெறியே போதும் என்று கிளம்பிவிடுகிறாள். பெண்ணுக்கு விதித்த வேலியைப் பெண்வேடத்தில் ஓர் ஆண் தாண்டுகிறார். மரபு அதை ரசிக்கிறது.

எங்கள் ஊர்க் கோயிலில் அரையர் முத்துக்குறி அபிநயிப்பதைப் பார்த்திருக்கிறேன். திருமங்கையாழ்வாரின் திருநெடுந்தாண்டகப் பாசுரத்தை வைத்துச் செய்வது அது. தலையில் அதே குல்லாய், கையில் அதே தாளம். மனிதர் ஒருவர்தான், தாயாகிக் கலங்குகிறார், மகளாகி வாடுகிறார், கட்டுவிச்சியாகிக் குறி சொல்கிறார். வேடம் மாற்றுவதில்லை, குரலும் முகமும் மட்டும் மாறுகின்றன. கண்ணில் நீர் வராமல் பார்க்க முடியாது. அந்தக் கைங்கரியம் அரையர் குடும்பத்து ஆண்களுக்கு உரியது. ஸ்ரீரங்கத்தில் பகல்பத்தின் பத்தாம் நாள் பெருமாளே நாச்சியார் திருக்கோலம் பூணுகிறார். பெண்ணாவது இந்த மரபில் அவ்வளவு உயர்ந்த காரியம்.

அப்படியானால் பெண்ணாகவே பிறந்தவள் பாடும்போது என்ன நடக்கிறது? நம்மாழ்வார் பெண்ணாகப் பாடினால் அது பாவனை. அந்தப் பாவனையின் ஆழத்தை விளக்கத் தனி நூலே இருக்கிறது. ஆண்டாள் பெண்ணாகப் பாடினால் அது சுபாவம். அவர் எட்டிய இடத்தில் இவள் பிறந்திருக்கிறாள், அவ்வளவுதான். மணவாள மாமுனிகளும் ஆழ்வார்களை விஞ்சியவள், இளம்பருவத்திலேயே கனிந்துவிட்டவள் என்றுதான் அவளைப் போற்றுகிறார். கனிவதற்குப் பழம் என்ன செய்தது என்று யாரும் கேட்பதில்லை.

ராஜாஜி எதிர்முனைக்குப் போனார். ஆண்டாள் என்று ஒருத்தி இருந்ததில்லை, பெரியாழ்வாரே பெண்ணின் பாவத்தில் பாடியவைதான் இந்தப் பாசுரங்கள் என்று எழுதினார். அவர் சொன்னதற்குக் கொஞ்சம் முகாந்திரம் உண்டு. பெரியாழ்வார் யசோதையாகிப் பிள்ளைத்தமிழுக்கு வழிபோட்டவர்; மாயவன் கொண்டுபோன மகளை நினைத்து அரற்றும் தாயாகவும் பாடியவர். ஆனால் இரண்டு தரப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. உரைமரபில் பெண் இருக்கிறாள், கற்பனை இல்லை. ராஜாஜியிடம் கற்பனை இருக்கிறது, பெண் இல்லை. இரண்டையும் ஓர் ஆசனத்தில் உட்காரவைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இந்த முடிச்சை எனக்கு அவிழ்த்துக் கொடுத்தவள் ஒரு மாணவி. திருப்பாவை பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அவள் வீட்டில் மாடு உண்டு. விடியற்காலை கறந்து சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் எங்களுடையது, அப்படிப்பட்ட பிள்ளைகள் வகுப்புக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள். அவள் எழுந்து, "டீச்சர், ஆண்டாளுக்குப் பால் கறக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. "இல்ல டீச்சர், கோயில்ல பூக்கைங்கரியம் செஞ்ச அய்யர் வீட்டுப் பொண்ணுதான? எருமைய விடியுமுன்ன கொஞ்ச நேரம் பனிப்புல்லு மேய விடுறதெல்லாம் எங்க அம்மாச்சி செய்யுறது. அது இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

அன்று இரவு திருப்பாவையை அந்தப் பெண்ணின் கண்ணால் படித்தேன். கறவைக்கு முன் எருமைகளைச் சற்று நேரம் மேய விடுவது எட்டாம் பாட்டில் இருக்கிறது. ஆய்ச்சியர் கைமாற்றித் தயிர் கடையும்போது கழுத்து அணிகள் கலகலப்பது ஏழாம் பாட்டில். கன்றை நினைத்த எருமையின் மடி கறக்காமலே சொரிந்து வீட்டுத் தரை சேறாவது பன்னிரண்டில். தொழுவத்தில் நின்று பார்த்தவள் சொல்லும் விவரங்கள் இவை. துளசிச் செடியடியில் கண்டெடுத்து நந்தவனம் பார்க்கும் பட்டர் வளர்த்த பெண் என்று அவளை மரபு அறியும். பெண்ணாகப் பிறந்ததால் அவளுக்குத் தானாக வந்தது என்று எதையாவது சொல்வதானாலும், எருமையின் மடி அந்தப் பட்டியலில் சேராது. அதை அவள் போய்ப் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து நினைத்திருக்க வேண்டும்.

ஆயர்பாடி அவள் கட்டியது. ஸ்ரீவில்லிபுத்தூரைக் கோகுலமாக்கி, தோழிகளை இடைச்சிகளாக்கி, வடபத்ரசாயி கோயிலை நந்தகோபன் மாளிகையாக்கி, தன்னையும் இடைச்சியாக்கிக்கொண்டாள். நம்மாழ்வார் ஆணிலிருந்து பெண்ணுக்குக் கடந்தார் என்றால், இவள் குலத்தைக் கடந்தாள். வேதம் ஓதும் தெருவிலிருந்து மாட்டுத்தொழுவத்துக்கு வந்தாள். அறிவில்லாத குலம் எங்கள் குலம், கறவைகளின் பின்னால் காட்டுக்குப் போய் உண்கிற கூட்டம் நாங்கள் என்று கண்ணன் முன் நின்று ஒரு பட்டர் மகள் சொல்வது சின்னக் காரியமா? பள்ளமடை பேசிய அதே மரபு இதையும் நினைவில் வைத்திருக்கிறது. அவளுக்கு நடையும் பேச்சும் கொண்டையும் இடைச்சியுடையதாகிவிட்டன, மேலிலும் மோரும் நெய்யும் மணக்கும் முடைவாசனை வீச ஆரம்பித்துவிட்டது என்று உபந்நியாசங்களில் இன்றும் சொல்கிறார்கள். வாசனை வரைக்கும் போன கற்பனை! அதைச் சொல்லும்போதே அது கற்பனை என்பதை எப்படி மறந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இன்னொரு சாட்சி ஒவ்வொரு பதிகத்தின் கடைசியிலும் நிற்கிறது. திருப்பாவையின் 30 பாட்டில் 29 வரை பேசுகிறவள் ஆயர்பாடிச் சிறுமி. முப்பதாவதில் திரை விலகி, புதுவைப் பட்டர்பிரானின் மகள் கோதை இந்தத் தமிழ்மாலையைச் சொன்னாள் என்று முத்திரை விழுகிறது. நாச்சியார் திருமொழியின் 14 பதிகங்களிலும் இந்த வழக்கம்தான். காதலில் நினைவிழந்த பெண் இப்படிக் கையெழுத்துப் போட மாட்டாள். பாட்டுக்குள் நிற்கும் 'நான்' வேறு, பாட்டைச் செய்த கோதை வேறு என்று அவளுக்குத் தெளிவாகத் தெரியும். நம்மாழ்வாரும் தலைவியாக உருகிவிட்டுக் கடைசியில் குருகூர்ச் சடகோபன் என்று பெயர் சொல்கிறார். அவரிடம் அந்த இடைவெளியை நாம் கலை என்கிறோம். இவளிடம் அதே இடைவெளி நம் கண்ணில் படுவதே இல்லை.

இதை எங்கள் ஊர் வேறொரு விதத்தில் அறியும். ஆண்டாள் கோயிலுக்குள் கண்ணாடிக் கிணறு இருக்கிறது. பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தன் கழுத்தில் போட்டு, அந்தக் கிணற்று நீரில் அழகு பார்த்தாள் என்று காட்டுவார்கள். என் அம்மா பூக்கட்டி எங்களை வளர்த்தவர். சாமிக்குக் கட்டும்போது பூவை மோந்து பார்த்தால் கையில் அடி விழும். சூடிக்கொடுத்தவளின் ஊரில் பூவை மோந்ததற்கு அடி வாங்கியவள் என்ற தகுதியில் சொல்கிறேன்: மாலையைச் சூடியதைவிட, சூடிவிட்டுக் கிணற்றுக்குப் போனதுதான் பெரிய துணிச்சல். சூடுவதற்கு ஆசை போதும். எட்டிப் பார்ப்பதற்கு, தன்னையே வெளியே நின்று பார்க்கும் ஒருத்தி வேண்டும். மணப்பெண்ணும் அவளே, மணப்பெண்ணைப் பார்த்து இது பொருந்துகிறதா என்று கணிப்பவளும் அவளே. கவிதை எழுதுகிறவர்கள் செய்யும் வேலை இது.

மாட வீதியில் திவ்யப்பிரபந்த உரைகளைக் கரைத்துக் குடித்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். மணிப்பிரவாள உரைகளை எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர். அவரிடம் இந்த வழக்கைக் கொண்டுபோனேன்.

"டீச்சரம்மா, பள்ளமடைன்னா மட்டமா நினைச்சுட்டேளே!" என்றார். "நம்ம சம்பிரதாயத்துல முயற்சிக்கு மதிப்பே கிடையாது. அவனை அடையறதுக்கு அவனேதான் வழி. நான் பண்ணினேன்னு ஒருத்தன் சொன்னா அங்கயே சரிஞ்சுட்டான். சிரமமில்லாம பாஞ்சதுன்னா அது அருள். ஆழ்வாரைவிட ஒரு படி மேலே வெச்சுன்னா சொல்லியிருக்கு!"

இந்த எதிர்வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. சரணாகதியை மையமாக வைத்த ஒரு சமயத்தில், தானாகப் பாய்வதுதான் சாதித்து அடைவதைவிட உயர்வு. நான் சொன்ன பதில் இவ்வளவுதான்: "சாமி, அன்பு பாஞ்சிருக்கும், அருள்னே வெச்சுக்கலாம். கொச்சகக் கலிப்பா பாயுமா? எட்டடி எட்டடியா முப்பது பாட்டு, எல்லாம் ஒரே முடிப்புல முடியணும், அதுல பல பாட்டுல வேற வேற வீட்டு வாசல், வேற வேற குரல். அது இறைச்சு இறைச்சுத்தானே வரும்?" அவர் சிரித்தார், ஒப்புக்கொள்ளவில்லை. பக்தியையும் பாட்டையும் பிரிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. பிரித்துப் பார்க்காவிட்டால் பெண்ணுக்குப் பாட்டு மிஞ்சாது என்பது என் கட்சி.

பெண் என்றால் இப்படித்தான் பாடுவாள் என்ற இயல்பு ஒன்று உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் காரைக்காலம்மையாரை எங்கே வைப்பது? ஆண்டாளுக்கு முன் வாழ்ந்தவர்; 63 நாயன்மாரில் பாட்டு விட்டுச்சென்ற ஒரே பெண். சிவனும் ஆண்தெய்வம்தான். மடை பள்ளத்தில் பாய்வதுதான் விதி என்றால் புனிதவதியும் நாயகியாகி உருகியிருக்க வேண்டும். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. மாங்கனி அதிசயத்தைக் கண்ட கணவன் அஞ்சி விலகிப்போய் அவரைத் தெய்வமென்று விழுந்து கும்பிட்டபின், அவனுக்காகச் சுமந்த அழகும் சதையும் இனி வேண்டாம் என்று உதறிப் பேய்வடிவு வேண்டினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. மூத்த திருப்பதிகத்தில் வற்றிய முலையும் புடைத்த நரம்பும் குழிந்த கண்ணுமாக ஒரு பெண்பேயைத் திருவாலங்காட்டுச் சுடலையில் நிறுத்துகிறார். கையெழுத்தும் 'காரைக்கால் பேய்' என்றுதான். சிவன் அவரை 'அம்மையே' என்று அழைத்தான் என்பது கதை.

இரண்டு பெண்கள். ஒருத்தி தன் உடலைப் பாட்டின் நடுவில் கொண்டுவந்து வைத்தாள், மற்றவர் உடலையே உரித்துப் போட்டுவிட்டுப் பாடினார். இருவரில் யார் இயல்பு? இடைச்சியாவதும் பேயாவதும் பிறப்பால் வருவதில்லை, இரண்டும் தேர்ந்துகொண்டவை. பெண்ணுக்குக் கற்பனை உரிமை வேண்டும் என்று பேசுகிறவர்கள்கூடச் சில சமயம் காரைக்காலம்மையாரை மட்டும் உயர்த்துவார்கள். உடலைக் கடந்தவர் அல்லவா, அதனால் சுதந்திரமானவர் என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. உடலைக் கடந்தால்தான் கற்பனை என்பது பழைய பேச்சின் மறுபக்கம். தன் உடலையே பாட்டுக்குப் பொருளாக எடுத்துக்கொள்வதற்கும் அதே அளவு கற்பனை வேண்டும்.

ஆழ்வார்களின் பெண்குரலுக்கும் ஆண்டாளின் குரலுக்கும் இடையே இன்னொரு வித்தியாசமும் என் கண்ணில் படுகிறது. உயிர் எல்லாம் பெண் என்று மரபு சொல்லும்போது அதன் பொருள், உயிர் தன்வசமில்லாதது, இறைவனுக்கே வசப்பட்டது என்பது. பாரதந்திரியம் என்று பெயர். உலகத்தில் பெண்ணுக்கு இருந்த நிலையை எடுத்து உயிருக்கு உவமையாக்கினார்கள். அதனால் ஆழ்வார்கள் பெண்ணாகும்போது பெரும்பாலும் தனித்திருக்கும் பெண் ஆகிறார்கள்: வளை கழல்கிறது, மேனி பசக்கிறது, தாய் புலம்புகிறாள், மேகமும் நாரையும் தூது போகின்றன. ஆண்டாளிடமும் இதெல்லாம் உண்டு. நாச்சியார் திருமொழியில் மேகத்துக்குத் தனிப் பதிகமே இருக்கிறது. ஆனால் திருப்பாவையில் அவள் கற்பனை செய்த பெண் வேறு. அங்கே யாரும் தனியாக வாடவில்லை. பெண்பிள்ளைகள் கூட்டமாகத் தெருவில் இறங்கி, ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி, தூங்குகிறவளைக் கேலிசெய்து, உள்ளே இருப்பவளோடு வாய்க்கு வாய் பேசி எழுப்புகிறார்கள். பிறகு வாயில்காப்போன், நந்தகோபன், யசோதை, பலதேவன், நப்பின்னை என்று ஒரு வீட்டை வரிசையாக எழுப்பிக்கொண்டே உள்ளே போகிறார்கள். கடைசியில் கண்ணனையும் எழுப்பி, சிம்மாசனத்தில் உட்காரவைத்து, வந்த காரியத்தை விசாரி என்கிறார்கள். பறை கேட்டு வந்தவர்கள், பறைக்காக வரவில்லை என்று பேச்சை மாற்றி, எந்நாளும் உனக்கு அடிமை செய்வதுதான் வேண்டும் என்று முடிக்கிறார்கள். அடிமைதான். ஆனால் அந்த அடிமைத்தனத்தின் நிபந்தனைகளை விடிகாலையில் கதவைத் தட்டிச் சொல்கிறவர்கள் இவர்கள். வசப்பட்டு நிற்பதன் உருவமாக மரபு பெண்ணை வைத்தது. பெண்ணே அந்த உருவத்தை எழுதியபோது அது நடந்து, பேசி, பேரம் பேசியது.

நாச்சியார் திருமொழிக்கு வந்தால் சங்கடம் ஆரம்பிக்கிறது. அதில் 143 பாசுரங்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் ஆறாம் திருமொழியான வாரணமாயிரம் தெரியாதவர்கள் குறைவு. வைணவக் கல்யாணங்களில் அதைச் சொல்லித் தேங்காய் உருட்டுகிறார்கள். கல்யாணமாகாத பெண்ணொருத்தி தோழியிடம் சொன்ன கனவு, ஊரார் கல்யாணத்துக்குச் சடங்கானது. தமிழில் எந்தக் கற்பனைக்கும் இதைவிடப் பெரிய வெற்றி கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்கு அடுத்த பதிகத்தில் பாஞ்சசன்னியத்தை நிறுத்திக் கண்ணன் வாயின் சுவையையும் மணத்தையும் விசாரிப்பதைக் கேட்டால் முகம் கொஞ்சம் திரும்பும். பதிமூன்றாம் பதிகத்தைப் பலர் திறப்பதே இல்லை.

மார்கழியில் ஆண்டாளைப் பற்றிப் பேச ஒரு சபை என்னை அழைத்தது. எதைப் பேசுகிறீர்கள் என்று முன்கூட்டிக் கேட்டார்கள், பதிமூன்றாம் திருமொழி என்றேன். "ஃபேமிலியா வருவாங்க மேடம், அது வேண்டாமே" என்றார் பொறுப்பாளர். பெரியவரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெரியவாச்சான் பிள்ளை ஒரு பாசுரத்தையும் தள்ளாம வியாக்யானம் பண்ணியிருக்கார். இவா யாரு தள்ளறதுக்கு?" என்றார். இந்த விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. 13ஆம் நூற்றாண்டு ஆசாரியருக்கு இல்லாத கூச்சம் நமக்கு எங்கிருந்தோ இடையில் வந்து ஒட்டியிருக்கிறது.

அந்தப் பதிகத்தில் காதலால் வாடியவள் சுற்றியிருப்பவர்களிடம் மருந்து கேட்கிறாள். அவன் உடுத்த பீதாம்பரத்தால் வீசுங்கள். அவன் மாலைத் துளசியைக் கொண்டுவந்து சூட்டுங்கள். அவன் நடந்த தடத்து மண்ணையாவது எடுத்துவந்து பூசுங்கள். இப்படிப் படிப்படியாக ஏறி எட்டாம் பாசுரத்தில், பயனில்லாத இந்த முலையை வேரோடு பறித்து அவன் மார்பில் எறிந்து என் நெருப்பை ஆற்றிக்கொள்வேன் என்று வெடிக்கிறாள். அடுத்ததிலேயே, மறுபிறவிக்கென்று தவம் செய்து என்ன பயன், இந்தப் பிறவியிலேயே வேண்டும் என்கிறாள். இதைப் படித்துவிட்டு ஒரு பெண்ணின் தாபம் கட்டுமீறிப்போயிற்று என்பவர்கள், கண்ணகியை எப்படி மறந்தார்கள்? இடமுலையைத் திருகி மதுரைமேல் எறிந்தவள் நம் காப்பியத்தில் இருக்கிறாள். அங்கே அந்தச் செயல் சினம், ஊரை எரித்தது. இங்கே அதே செயல் காதலின் உரிமைக்குரலாகி ஒரே ஒரு மார்பைக் குறிவைக்கிறது. தமிழ் முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறவளின் வேலை அது. நாட்குறிப்பில் இப்படி வாக்கியம் வராது.

நாட்குறிப்பாகப் படிப்பது ஆண்டாளோடு நின்றுபோன பழக்கமும் இல்லை. 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தபோதும், சல்மா, சுகிர்தராணி, மாலதி மைத்ரி எழுதியபோதும், எழுந்த கூச்சலில் பாதி கவிதையைப் பற்றியதாக இல்லை. எழுதியவர்களின் ஒழுக்கத்தைப் பற்றியது. ஆண் எழுதினால் கதாபாத்திரம், பெண் எழுதினால் வாக்குமூலம் என்ற வாசிப்புக்கு வேர் தேடிப் போனால், மரியாதையான உடுப்பில் அந்தப் பள்ளமடையே எதிரில் வந்து நிற்கிறது. உரைகாரர்கள் யாரையும் தூற்ற நினைத்தவர்கள் இல்லைதான். ஆனால் பெண்ணின் சொல் அவள் உடம்பிலிருந்து நேராகச் சுரக்கிறது என்று ஒருமுறை நம்பிவிட்டால், பிடித்தபோது அதைப் பக்தி என்றும் பிடிக்காதபோது அசிங்கம் என்றும் சொல்லலாம். இரண்டு தீர்ப்பிலும் அவள் யோசித்துச் செய்தாள் என்பதற்கு இடமில்லை.

மரபுக்குள்ளேயே இதற்கு மருந்தும் இருக்கிறது. மீராவைப் பற்றி வடக்கே ஒரு கதை சொல்வார்கள். விருந்தாவனத்தில் ஒரு கோஸ்வாமி, பெண்களைப் பார்ப்பதில்லை என்று அவளைத் திருப்பி அனுப்பினாராம். விருந்தாவனத்தில் கண்ணன் ஒருவன்தான் ஆண் என்றல்லவா நினைத்திருந்தேன், இன்னொருவரும் இருக்கிறாரா என்று மீரா சொல்லி அனுப்பினாளாம். அவர் வெட்கி வெளியே வந்தார் என்று கதை முடியும். உயிரெல்லாம் பெண் என்ற கொள்கையை ஆண்கள் தங்கள் பாவனைக்கு வழியாக வைத்திருந்தார்கள். மீரா அதையே உரிமைப் பத்திரமாக நீட்டினாள்: கொள்கை உண்மையென்றால் கதவைத் திற. பெண் பாவனை செய்வதற்கும் அதே கொள்கையிலிருந்து ஒரு வழி கேட்கலாம். பிறப்பு ஆணா பெண்ணா என்பது இறைவன் முன் பொருளற்றது என்றால், பெண்ணாகப் பிறந்தது மட்டும் ஆண்டாள் பாட்டுக்கு எப்படிக் காரணமாகும்?

நான் வேலை பார்த்த காலத்தில் வினாத்தாள் தயாரிக்க உட்காரும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கம்பர் என்றால் 'கற்பனைத் திறனை விளக்குக'. இளங்கோ என்றால் 'பாத்திரப் படைப்பைத் திறனாய்க'. ஆண்டாள் என்றால் 'பக்தி மேம்பாட்டை எழுதுக'. பல வருடம் நானும் அப்படித்தான் கேள்வி எடுத்தேன், யாரும் ஆட்சேபித்ததில்லை. அந்த மாட்டுக்காரப் பெண் கேட்டபின் மாற்றினேன்: 'பட்டர் மகளான கோதை இடைச்சியரின் வாழ்க்கையை எவ்வாறு படைத்துக் காட்டுகிறாள்? மூன்று சான்றுகளுடன் எழுதுக.' ஐந்து மதிப்பெண். வந்த விடைகளில் பக்தி குறைந்திருக்கவில்லை. எருமையும் தயிர்மத்தும் பனிப்புல்லும் கூடுதலாக வந்திருந்தன. முதல் முறையாகப் பிள்ளைகள் ஆண்டாளை, உட்கார்ந்து யோசித்து எழுதிய ஒருத்தியாகப் பார்த்து எழுதியிருந்தார்கள்.